ஈ14 சுண்டெலி ஸ்டெம் செல் லைன்: மலையக ஆய்வுகூடத்துக்கு ஒரு மதிப்பீடு

பேராதனை, கண்டிப் பக்கத்தில் சுண்டெலி முளைய ஸ்டெம் செல் வேலையைப் புதிதாகத் தொடங்கப்போகிறவர்கள் முதலில் எடுக்க வேண்டிய செல் லைன் ஈ14டீஜீ2ஏ என்பது எங்கள் முடிவு. சுருக்கமாக ஈ14. இதைவிடப் பெயர்பெற்றவை இருக்கின்றன. மரபணு மாற்றிய சுண்டெலிகளை உருவாக்கும் பெரிய நிலையங்கள் ஆர்1 ஐயோ ஜேஎம்8 ஐயோ விரும்புவதற்கு நியாயமும் உண்டு. ஆனால் மலையகத்து ஆய்வுகூடத்தில் நடக்க வேண்டிய வேலை வேறு. ஒரு மாணவர் தன் ஆய்வுக் காலத்துக்குள் கலங்களைக் கெடுக்காமல் வளர்த்து, இதயத் தசையாகவோ நரம்பாகவோ வியத்தமடையச் செய்து, நம்பக்கூடிய முடிவு ஒன்றை எடுத்தாக வேண்டும். இடையில் மின்வெட்டு வரும், மண்சரிவில் வீதி மூடப்படும், பொதி கட்டுநாயக்க விமான நிலையத்தில் தங்கிவிடும். இவற்றுக்கு நடுவே தாக்குப்பிடிப்பது எது என்பதை வைத்தே இங்கே மதிப்பிடுகிறோம்.

சுண்டெலி முளையத்திலிருந்து இவ்வகைக் கலங்களை 1981 இல் கேம்பிரிட்ஜில் மார்ட்டின் எவன்ஸும் மத்தியூ கௌஃப்மனும், அதே வருடம் சான் பிரான்சிஸ்கோவில் கெயில் மார்ட்டினும் முதன்முதலில் பிரித்தெடுத்தார்கள். ஈ14டீஜீ2ஏ வெளிவந்தது 1987 இல். 129 ஓலா என்ற சுண்டெலி இனத்து ஆண் முளையத்திலிருந்து வந்த ஈ14 கலங்களை, 6-தயோகுவானின் என்ற நச்சைச் சேர்த்த மீடியத்தில் (வளர்ப்புக் கரைசலில்) வளர்த்து, பியூரின்களை மீளப் பயன்படுத்தும் எச்பிஆர்டி நொதியத்தை இழந்தவற்றைத் தெரிந்தெடுத்தார்கள். அந்த நொதியக் குறைவால் வரும் லெஷ்-நைஹான் நோய்க்கு மாதிரிச் சுண்டெலி ஒன்றை உருவாக்குவதற்காகச் செய்த வேலை அது.

அந்தக் குறைபாடு நமக்குச் செலவில்லாத அடையாளப் பரிசோதனை ஒன்றைத் தருகிறது. எச்பிஆர்டி இல்லாத கலம் ஹாட் (HAT) எனப்படும் தெரிவு மீடியத்தில் பிழைக்காது. ஹைப்போசாந்தீன் 100 மைக்ரோமோலர், அமினோப்டெரின் 0.4 மைக்ரோமோலர், தைமிடீன் 16 மைக்ரோமோலர் சேர்த்த மீடியத்தில் தட்டின் ஒரு கிணற்றில் (குழியில்) ஈ14 ஐ வளர்த்துப் பாருங்கள். ஒரு வாரத்துக்குப் பிறகும் கொலனிகள் தளதளவென்று நின்றால் உங்கள் கையில் இருப்பது ஈ14 இல்லை, அல்லது வேறு கலம் கலந்திருக்கிறது. கைமாறிக் கைமாறி வரும் குப்பிகளுக்கு இதை முதல் வாரத்திலேயே செய்துவிட வேண்டும். எச்பிஆர்டி மரபணுவைத் திரும்பச் செருகிய கிளை லைன்களுக்கு மட்டும் இந்தப் பரிசோதனை பொருந்தாது.

மற்றவை எப்படி? 1993 இல் டொரொன்டோவிலிருந்து வந்த ஆர்1, மாற்றிய மரபணுவைச் சுண்டெலிச் சந்ததிக்குக் கடத்தும் திறனில் மிக நல்லது. ஆனால் அதற்கு அடியில் தாங்கி வளர்க்கும் பீடர் கலங்கள் வேண்டும். பீடர் என்றால் சுண்டெலி முளையத்து நார்க்கலங்களை எடுத்து, மைற்றோமைசின்-சி மில்லிலீற்றருக்கு 10 மைக்ரோகிராம் வீதம் 2 முதல் 3 மணித்தியாலம் வைத்துப் பிரிவை நிறுத்தி, நன்றாகக் கழுவி, ஒவ்வொரு தட்டிலும் முன்கூட்டியே படுக்கையாக விரிக்க வேண்டும். அதற்குக் கர்ப்பமான சுண்டெலி வேண்டும், விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், வாரம் முழுவதும் இன்னொரு கல வளர்ப்பு வேண்டும். ஈ14 ஜெலற்றின் பூசிய வெறும் பிளாஸ்க்கிலேயே வளர்ந்துவிடும். எங்கள் பரிந்துரையின் பெரும்பகுதி இந்த ஒரு குணத்தில்தான் நிற்கிறது. ரூடால்ஃப் யேனிஷ் கூடத்தின் ஜே1 உம் பீடர் கேட்கும். ஜேஎம்8 சி57 கறுப்பு 6 இனத்திலிருந்து வந்தது. பீடர் இல்லாமல் பழக்கப்பட்ட கிளைகள் அதில் உண்டு என்றாலும், சுண்டெலி உருவாக்கும் திட்டம் இல்லாதவர் அதற்காக அலைய வேண்டியதில்லை. டீ3 என்ற இன்னொரு லைனுக்கு மட்டும் தனியிடம் இருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறோம்.

ஈ14 இன் கிளைகளில் இரண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். 46சீ என்பதில், நரம்பாக மாறத் தொடங்கும்போது இயங்கும் சொக்ஸ்1 மரபணு விழித்தவுடன் கலம் பச்சையாக ஒளிரும், ஆகவே நரம்பு வியத்தத்தைக் கண்ணால் பின்தொடரலாம். ஈபி3 இல், ஸ்டெம் நிலையில் இயங்கும் ஒக்ட்4 மரபணுவுடன் பிளாஸ்டிசிடின் என்ற நச்சுக்கு எதிர்ப்பு பிணைக்கப்பட்டிருக்கிறது. மீடியத்தில் பிளாஸ்டிசிடின் சேர்த்தால் வியத்தமடைந்த கலங்கள் தாமாகவே இறந்து, ஸ்டெம் நிலையில் உள்ளவை மட்டும் மிஞ்சும். கை பழகாத மாணவர்கள் பலர் தொடும் கூடத்துக்கு ஈபி3 பெரிய ஆறுதல்.

கொள்வனவும் கொண்டுவருதலும்

உறைந்த குப்பி உலர்பனியில் வரும். உலர்பனி மறை 78.5 பாகையில் ஆவியாகிக்கொண்டே இருக்கும். சாதாரண நுரைப்பெட்டியில் நாளொன்றுக்கு 2 முதல் 4 கிலோ போய்விடும், ஆகவே 10 கிலோ பெட்டி என்றால் பயணத்தில் இரண்டு நாள் கழிந்த பிறகு கையில் பெரிய அவகாசம் இல்லை. சித்திரைப் புத்தாண்டு, வெசாக், நீண்ட வார இறுதியோடு ஒட்டிய போயா ஆகிய நாட்களை நோக்கி அனுப்பச் சொல்லாதீர்கள். எசல பெரஹரா வாரத்தில் கண்டி நகருக்குள் வாகனம் நுழைவதே பாடு. விநியோகத்தரிடம் திங்கட்கிழமை அனுப்பும்படி எழுத்தில் கேளுங்கள். முடிந்தால் உலர்பனிக்குப் பதிலாகத் திரவ நைதரசன் உறிஞ்சிய உலர் கலனில் அனுப்பச் சொல்லுங்கள். செலவு கூடும், ஆனால் சுங்கத்தில் ஒரு வாரம் தங்கினாலும் கலம் பிழைக்கும்.

மீடியத்தில் சேர்க்கும் சீரமும் கலமும் விலங்கிலிருந்து வந்தவை என்பதால் இறக்குமதி அனுமதி விலங்கு உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் பக்கம் போகும். அதன் தலைமையகம் கெட்டம்பேயில் இருப்பது கண்டிக்காரருக்கு வசதி. குப்பி புறப்பட்ட பிறகு அனுமதிக்கு ஓடாதீர்கள். பூர்வீக நாடு, கலத்தின் இனம், நோய்க்காரணி இல்லை என்ற சான்று மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு கட்டளையே கொடுங்கள்.

கொழும்பிலிருந்து இன்னொரு கூடம் கலம் தருவதாக இருந்தால் உறைந்த குப்பியைவிட உயிருள்ள பிளாஸ்க் நல்லது. 25 சதுர சென்ரிமீற்றர் பிளாஸ்க்கில் கலங்கள் மூன்றில் ஒரு பங்கு பரப்பை மூடியிருக்கும்போது, மீடியத்தைக் கழுத்துவரை நிரப்பி, காற்றுத்துளை இல்லாத மூடியை இறுக்கி, பராபிலிம் சுற்றி, நுரைப்பெட்டியில் நிமிர்த்தி வைத்துக் கொண்டுவரலாம். ஒரு நாள் தாங்கும். இரண்டு விடயம் கவனிக்க வேண்டும். கடுகண்ணாவை ஏறும்போது வெளி அமுக்கம் குறையும், உள்ளே அடைபட்ட காற்று விரிந்து மீடியத்தை மூடி வழியே தள்ளும், ஆகவே காற்றிடம் மிகச் சிறிதாக இருக்கட்டும். மற்றது வெப்பம். கலத்துக்கு 25 பாகையால் பெரிய கேடில்லை, 40 பாகை கொன்றுவிடும். வெயிலில் நிறுத்திய வாகனத்தின் பின்பெட்டியில் வைக்காதீர்கள்.

உறைந்து வந்த குப்பியை மறை 80 ப்ரீசரில் "பிறகு பார்க்கலாம்" என்று வைப்பது இந்தக் கலங்களுக்கு ஆகாது. அன்றே திரவ நைதரசனுக்குள் போகட்டும், அல்லது அன்றே உருகட்டும். உருக்குவது 37 பாகை நீரில், ஒரு சிறு பனித்துண்டு மிஞ்சும்வரை மட்டும். பிறகு 10 மில்லிலீற்றர் மீடியத்தில் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, 200 ஜீ விசையில் 5 நிமிடம் சுழற்றி, உறைகாப்புப் பொருளான டிஎம்எஸ்ஓவை அகற்றி, புது மீடியத்தில் விதையுங்கள். மறுநாள் இறந்த கலங்களும் சிதைவும் நிறைய மிதக்கும். பயப்பட வேண்டாம், மீடியத்தை மாற்றினால் போதும். ஒட்டியவை இரண்டாம் நாளில் கொலனியாகத் தெரியும். வந்த கலங்களை முதல் இரண்டு வாரம் தனி இன்கியுபேற்றரில், இல்லாவிட்டால் குறைந்தது தனி மீடியப் போத்தலில், நாளின் கடைசி வேலையாக மட்டும் கையாளுங்கள்.

மீடியமும் சீரமும்

செல் லைனின் விலையைப் பார்த்து மலைப்பவர்கள் சீரத்தையும், கலங்களை ஸ்டெம் நிலையில் வைத்திருக்கும் லிஃப் என்ற புரதத்தையும் மறந்துவிடுகிறார்கள். குப்பியை ஒரு தடவைதான் வாங்குகிறோம், சீரமும் லிஃப்பும் திட்டம் முடியும்வரை போய்க்கொண்டே இருக்கும்.

ஈ14 க்கு 500 மில்லிலீற்றர் மீடியம் தயாரிக்க: அடிப்படை மீடியமான ஜீஎம்ஈஎம் 434.5 மில்லிலீற்றர், கன்று முளையச் சீரம் 50, 200 மில்லிமோலர் குளுற்றமின் 5, 100 மில்லிமோலர் சோடியம் பைருவேற் 5, அத்தியாவசியமற்ற அமினோ அமிலக் கரைசல் 5, 0.1 மோலர் பீற்றா-மெர்கப்டோஎதனோல் 0.5. இதனுடன் லிஃப் 5 இலட்சம் அலகு, அதாவது மில்லிலீற்றருக்கு 1,000 அலகு. மெர்கப்டோஎதனோல் சேமிப்புக் கரைசலுக்குத் தூய திரவத்தில் 70 மைக்ரோலீற்றரை 10 மில்லிலீற்றர் நீரில் விட்டு வடிகட்டுங்கள். ஆவி வெளியேற்றும் கபினற்றுக்குள் செய்யுங்கள். குளுற்றமின் குளிர்ப்பெட்டியிலேயே மெல்லச் சிதைந்து அமோனியா விடும், ஆகவே ஒரு மாதம் தாண்டிய மீடியத்துக்குப் புதுக் குளுற்றமின் வேண்டும். லிஃப் சேர்த்த மீடியத்தை இரண்டு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள்.

லிஃப் வாங்கும்போது ஒன்றைத் தெரிந்துகொண்டால் தெரிவு விரியும்: மனித லிஃப் சுண்டெலிக் கலத்தில் வேலை செய்யும், சுண்டெலி லிஃப்தான் மனிதக் கலத்தில் சரிவராது. எது மலிவாகக் கிடைக்கிறதோ அதை எடுக்கலாம். 10 இலட்சம் அலகுக் குப்பி ஒரு லீற்றர் மீடியத்துக்குப் போதும். சிறு கூடம் அதற்கு மேல் ஒரேயடியாக வாங்கி வைப்பதில் பயனில்லை.

சீரத்தில்தான் பெரும்பாலானோர் விழுகிறார்கள். ஹீலா கலத்துக்கோ நார்க்கலத்துக்கோ நன்றாக இருந்த சீரம் ஸ்டெம் செல்லை மூன்று பாசாஜுக்குள் (பிரித்து மறுபடி விதைக்கும் சுற்றுக்குள்) தட்டையாக்கிவிடும். ஒரே உற்பத்தியாளரின் இரண்டு தொகுதிகளுக்கு இடையிலும் வித்தியாசம் பெரிது. ஆகவே மூன்று நான்கு தொகுதிகளின் மாதிரிப் போத்தலைக் கேட்டு, ஒவ்வொன்றையும் 10, 15, 30 சதவீதத்தில் சோதியுங்கள். 6 கிணற்றுத் தட்டில் கிணறொன்றுக்கு 1,000 கலம் வீதம் விதைத்து, 6 அல்லது 7 நாள் விட்டு, அல்கலைன் பொஸ்பற்றேஸ் சாயமிட்டுக் கொலனிகளை எண்ணுங்கள். 10 சதவீதத்தில் நிறையக் கொலனி, அவற்றில் பெரும்பாலானவை முழுவதும் சாயமேறியவை, 30 சதவீதத்திலும் எண்ணிக்கை சரியவில்லை என்றால் அந்தத் தொகுதி நல்லது. 30 இல் கொலனி குறைந்தால் சீரத்தில் நச்சு இருக்கிறது. எண்ணிக்கை நன்றாக இருந்து சாயம் ஓரங்களில் வெளிறினால் வியத்தத்தைத் தூண்டும் ஏதோ இருக்கிறது. தேறிய தொகுதியில் முழுத் திட்டத்துக்கும் தேவையான போத்தல்களை ஒதுக்கச் சொல்லி வாங்கி, மறை 20 இல் வையுங்கள். இந்தப் பரிசோதனைக்கு இரண்டு வாரம் போகும். செய்யாமல் விட்டால் போவது மாதங்கள்.

தினசரிப் பராமரிப்பு

இந்தக் கலங்கள் 12 முதல் 15 மணித்தியாலத்தில் இரட்டிக்கும். ஆகவே தினமும் மீடியம் மாற்ற வேண்டும், இரண்டு நாளுக்கு ஒருமுறை பிரிக்க வேண்டும். ஞாயிறும் போயாவும் இதற்கு விலக்கல்ல. கூடத்தில் இரண்டு பேராவது இந்த வேலை தெரிந்தவர்களாக இல்லாவிட்டால் தொடங்க வேண்டாம் என்றே சொல்வோம்.

பிளாஸ்க்கில் 0.1 சதவீத ஜெலற்றினை 37 பாகையில் 20 நிமிடம் வைத்து உறிஞ்சிவிடுங்கள், உலர விட வேண்டாம். கலங்களை ஒருமுறை உப்புக் கரைசலால் கழுவி, 0.05 சதவீத ட்ரிப்சினில் 3 நிமிடம். பிளாஸ்க்கின் பக்கத்தை உள்ளங்கையால் தட்டினால் கொலனிகள் மணல் சரிவதுபோல ஓட வேண்டும். மீடியம் சேர்த்து ட்ரிப்சினை நிறுத்தி, 5 மில்லிலீற்றர் பிப்பெற்றின் நுனியைப் பிளாஸ்க்கின் சுவரோடு சாய்த்து ஏழெட்டுத் தடவை ஏற்றி இறக்குங்கள். நுணுக்குக்காட்டியில் தனித்தனிக் கலமாகத் தெரியும்வரை இதை விட்டுவிடாதீர்கள். கட்டியாக விதைத்தது கட்டியாகவே வளர்ந்து நடுவில் வியத்தமடையும். அதேநேரம் அளவுக்கு மிஞ்சி அடித்தால் கலம் உடைந்து டிஎன்ஏ வெளிவந்து, கோழைபோன்ற நூல் பிப்பெற்றில் தொங்கும். அந்த நூல் தெரிந்தால் நிறுத்திவிட்டு, அதை விலக்கி எடுத்துக்கொண்டு மேலே போங்கள்.

விதைக்கும் அடர்த்தி சதுர சென்ரிமீற்றருக்கு 40,000, அதாவது 25 சதுர சென்ரிமீற்றர் பிளாஸ்க்கில் 10 இலட்சம். இதைவிட மிகக் குறைத்தால் கலங்கள் தனித்து நின்று தட்டையாகும், கூட்டினால் மறுநாளே மீடியம் மஞ்சளாகும். நல்ல கொலனி எப்படியிருக்கும் என்பதை முதல் வாரத்தில் கண்ணுக்குப் பழக்குங்கள். ஓரம் மழுமழுப்பாக ஒளிவிடும், உள்ளே கலத்துக்கும் கலத்துக்கும் இடையே எல்லை தெரியாது, கரு பெரிதாகவும் அதற்குள் கருமணிகள் ஒன்றிரண்டு தெளிவாகவும் தெரியும், கலத்தைச் சுற்றிச் சாறு மிகக் குறைவு. கெடத் தொடங்கிய கொலனியில் ஓரத்துக் கலங்கள் முதலில் கால்பரப்பி, தட்டையாகி, கற்கள் பதித்த முற்றம்போல எல்லைகள் தெரிய ஆரம்பிக்கும். நூறில் ஐந்து கொலனி இப்படி இருந்தால் சமாளிக்கலாம். கால்வாசி இப்படி ஆகிவிட்டால் மீட்க முயலாமல் உறையவைத்த குப்பிகளின் வங்கியிலிருந்து புதுக் குப்பியை எடுங்கள்.

ஒரு நாள் யாராலும் வர முடியாது என்று முன்கூட்டியே தெரிந்தால் அடர்த்தியை மூன்றில் ஒன்றாகக் குறைத்து, 5 மில்லிலீற்றருக்குப் பதில் 10 மில்லிலீற்றர் மீடியம் விடுங்கள். இரண்டு நாள் என்றால் உறையவைத்துவிடுவதே நல்லது.

முதல் குப்பி வளர்ந்தவுடன் ஆய்வைத் தொடங்காமல் வங்கியைத் தொடங்குங்கள். சீரம் 90, டிஎம்எஸ்ஓ 10 சதவீதக் கலவையில் குப்பிக்கு 20 முதல் 30 இலட்சம் கலம். ஐசோபுரொப்பனோல் நிரப்பிய பெட்டியில் வைத்து மறை 80 இல் ஓர் இரவு, அது நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 1 பாகை வீதம் குளிர்விக்கும். மறுநாள் திரவ நைதரசனுக்கு மாற்றுங்கள். தாய் வங்கியாக 20 குப்பி, அதில் ஒன்றிலிருந்து வேலை வங்கி. வேலை வங்கிக் குப்பி ஒன்றை 15 பாசாஜுக்கு மேல் ஓட்டாதீர்கள்.

ஏன் அந்த எல்லை? 8 ஆம் நிறமூர்த்தம் மேலதிகமாக ஒன்று சேர்ந்த கலம் மற்றவற்றைவிட வேகமாக வளர்ந்து, சில வாரங்களில் பிளாஸ்க்கையே பிடித்துவிடும். பார்வைக்கு அது அழகான வளர்ப்பு. ஆகவே கலங்கள் திடீரென்று முன்னைவிட நன்றாக வளர்ந்தால் மகிழாமல் நிறமூர்த்தத்தை எண்ணுங்கள். பிரிவை நிறுத்தக் கொல்செமிட் மில்லிலீற்றருக்கு 0.1 மைக்ரோகிராம் ஒரு மணித்தியாலம், கலத்தை ஊதவைக்க 0.075 மோலர் பொற்றாசியம் குளோரைட்டு 10 நிமிடம், நிலைப்படுத்த மெதனோல் 3 பங்கு அசற்றிக்கமிலம் 1 பங்கு. சுண்டெலியின் 40 நிறமூர்த்தமும் ஒரே வடிவம், பட்டைச் சாயமில்லாமல் எது 8 என்று சொல்ல முடியாது, எண்ணிக்கை மட்டும் போதும். 30 கலங்களில் 80 சதவீதத்துக்கு 40 இருக்க வேண்டும். மழைக்காலத்தில் மலையகத்து ஈரப்பதத்தில் கண்ணாடித் தகடு மெதுவாகக் காயும், நிறமூர்த்தங்கள் மிதமிஞ்சிப் பரந்து ஒன்றிரண்டு தொலையும், 38, 39 என்று பொய்க்கணக்கு வரும். அந்த நாட்களில் தகட்டை 45 பாகைச் சூட்டுத் தட்டில் காயவையுங்கள்.

மைக்கோபிளாஸ்மாவை மாதம் ஒருமுறை பிசிஆரில் பாருங்கள். அதற்குக் கலச்சுவர் இல்லை, ஆகவே பெனிசிலின் தொடாது, மீடியமும் கலங்காது. வளர்ச்சி மந்தமாகி, வியத்தம் ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி வருவதுதான் வெளியே தெரியும் அறிகுறி. வந்துவிட்டால் பிளாஸ்க்கைத் தொற்றுநீக்கி எறியுங்கள். நாளாந்த வளர்ப்பில் பெனிசிலின்-ஸ்ட்ரெப்ரோமைசின் சேர்ப்பதை நாங்கள் ஆதரிக்கவில்லை, அது கைச்சுத்தக் குறைவை மறைத்துவிடும்.

பூஞ்சணம் இங்கே தனிப் பிரச்சினை. மூடுபனி மாதங்களில் அட்டைப் பெட்டிகள் ஈரம் உறிஞ்சிப் பூத்துவிடும். பிளாஸ்க், பிப்பெற் வந்த அட்டைப் பெட்டியை வளர்ப்பறை வாசலுக்கு வெளியே பிரித்து, உள்ளுறையை 70 சதவீத எதனோலால் துடைத்து மட்டும் உள்ளே எடுங்கள். இன்கியுபேற்றர் நீர்த்தட்டை வாரம் ஒருமுறை கழுவி, கிருமிநீக்கிய வடிநீர் ஊற்றுங்கள்.

உயரம் செய்யும் வேலை

பேராதனை கடல்மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 480 மீற்றர், அங்கே வித்தியாசம் சிறிது. தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கும் 1,382 மீற்றரிலோ, நுவரெலியாவின் 1,868 மீற்றரிலோ இன்கியுபேற்றர் வைப்பவர் கணக்குப் பார்க்க வேண்டும். மீடியத்தின் பீஎச்சைத் தீர்மானிப்பது காபனீரொட்சைட்டின் சதவீதம் இல்லை, அதன் பகுதியமுக்கம். நுவரெலியாவில் வளியமுக்கம் கடல்மட்டத்தின் 80 சதவீதம்தான். அங்கே உண்மையான 5 சதவீத வாயு, கொழும்பின் 4 சதவீதத்துக்குச் சமன், பீஎச் 0.1 அளவு ஏறிவிடும். ஈடுகட்ட 6.2 வேண்டும், தலவாக்கலையில் 5.9, பேராதனையில் 5.3. ஆனால் இன்கியுபேற்றர் காட்டும் எண் சதவீதமா பகுதியமுக்கமா என்பது சென்சருக்குச் சென்சர் மாறும், ஆகவே எண்ணை நம்பாதீர்கள். ஒரு தட்டில் மீடியத்தை ஓர் இரவு உள்ளே வைத்து, எடுத்தவுடன் பீஎச் அளந்து, 7.2 இலிருந்து 7.4 க்குள் வரும்வரை திருத்துங்கள். அழுத்தமானி பார்த்து இயக்கும் ஒட்டோகிளேவ் என்றால் 15 பிஎஸ்ஐ நுவரெலியாவில் 121 பாகையைத் தராது, 18 வேண்டும்.

என்ன செய்யலாம்

ஈ14 இல் முதலாவது பயிற்சியாகத் தொங்கும் துளி முறையைப் பரிந்துரைக்கிறோம். லிஃப் இல்லாத மீடியத்தில் 20 மைக்ரோலீற்றருக்கு 500 கலம் என்று கலந்து, பெத்திரிக் கிண்ண மூடியின் உட்புறம் துளிகளாக இட்டுக் கவிழ்த்துவிடுங்கள், கிண்ணத்தில் சிறிது உப்புக் கரைசல் நிற்கட்டும். கலங்கள் துளியின் அடியில் திரண்டு முளையவுருண்டையாகும். இரண்டு மூன்று நாளில் உருண்டைகளைப் பற்றீரியாக் கிண்ணத்துக்கு மாற்றி, 5 ஆம் நாள் ஜெலற்றின் தட்டில் ஒட்டவிட்டால், 8 ஆம் நாள் முதல் துடிக்கும் திட்டுகள் தெரியும். துடிப்பே வராவிட்டால் பெரும்பாலும் சீரம் காரணம், அல்லது தொடக்கக் கலங்களே கெட்டிருந்தன.

டீ3 க்குத் தனியிடம் என்றது இதனால்தான். விலங்குச் சோதனைக்கு மாற்று முறைகளைச் சரிபார்க்கும் ஐரோப்பிய நிலையமான ஈக்வாம் சரிபார்த்த முளைய நச்சுப் பரிசோதனை டீ3 ஐயும் 3டீ3 நார்க்கலத்தையும் கொண்டது. துளிக்கு 750 கலம், 10 ஆம் நாள் துடிப்பு எண்ணிக்கை, கூடவே இரு கலங்களின் பிழைப்பு அளவு. இவற்றிலிருந்து ஒரு பொருளை நச்சற்றது, மிதமானது, கடுமையானது என்று வகுப்பார்கள். 5-புளோரோயூராசில் நேர்க் கட்டுப்பாடு, பெனிசிலின்-ஜீ எதிர்க் கட்டுப்பாடு. தோட்டத்தில் தெளிக்கும் களைகொல்லி, பூச்சிகொல்லிகளை இந்த முறையில் பார்ப்பதற்கு மலையகத்தைவிடப் பொருத்தமான இடம் இலங்கையில் இல்லை. தெளித்த மலையிலேயே கொழுந்து பறிக்கும் பெண்களில் கர்ப்பிணிகளும் இருக்கிறார்கள். கிளைபோசேற் 2015 இல் தடைசெய்யப்பட்டு 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் திரும்ப அனுமதிக்கப்பட்டபோது நடந்த வாதங்களை நினைத்தால், உள்ளூர்த் தரவின் அருமை புரியும். ஒரு வரம்பு உண்டு: ஈரலில் மாறிய பிறகே நச்சாகும் பொருளை இந்தத் தட்டு காட்டாது. விற்கும் கலவையையும் தூய மூலப்பொருளையும் தனித்தனியே சோதியுங்கள், கலவையில் சேர்க்கும் ஒட்டுப்பொருளே நச்சாக இருக்கலாம்.

சீரமே வேண்டாம் என்பவருக்கு 2008 இல் வந்த 2ஐ (இரண்டு தடுப்பான்) முறை இருக்கிறது: சீரமில்லாத என்2பி27 மீடியத்தில் பீடி0325901 1 மைக்ரோமோலர், சிஎச்ஐஆர்99021 3 மைக்ரோமோலர், லிஃப். தொகுதிச் சீரத் தலைவலி போய்விடும், கன்று முளையத்தின் இரத்தத்தைச் சாராத வளர்ப்பு என்பதும் மதிக்க வேண்டிய காரணம். மாற்றும்போது முதல் இரண்டு பாசாஜில் நிறையக் கலம் இறக்கும், தப்பியவை குவிமாடக் கொலனியாக எழும். அவை ஜெலற்றினில் தளர்வாகவே ஒட்டும், மீடியம் மாற்றும்போது உறிஞ்சிக் கொட்டிவிடாதீர்கள், லமினின் பூசினால் பிடிக்கும். நீண்டகாலம் 2ஐ இல் வைத்தால் டிஎன்ஏ மெதைல் அடையாளங்கள் அழியும், ஆகவே வங்கியைச் சீர மீடியத்திலேயே வையுங்கள்.

மின்வெட்டும் நைதரசனும்

2022 இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம்வரை மின்சாரம் இல்லாமல் இருந்த நாடு இது. இன்கியுபேற்றர் வாங்கும்போது நீருறை உள்ளதை எடுங்கள், நேரடிச் சூடாக்கியைவிடப் பல மடங்கு நேரம் வெப்பத்தைப் பிடித்துவைக்கும். மின்சாரம் போனால் கதவைத் திறக்காதீர்கள். நீண்டு போகும் என்று தெரிந்தால் மட்டும் ஒரே தடவையில் திறந்து, காற்றுத்துளை இல்லாத மூடிகளை இறுக்கி மூடுங்கள், உள்ளிருக்கும் வாயு சில மணித்தியாலம் பீஎச்சைக் காக்கும். மின்சாரம் திரும்பியதும் முதலில் மீடியத்தின் நிறத்தைப் பாருங்கள். ஊதா ஏறியிருந்தால் உடனே மாற்றுங்கள்.

திரவ நைதரசன் கலனுக்கு மின்சாரமே வேண்டாம், ஆகவே இங்கே வங்கியை அதில்தான் வைக்க வேண்டும். குண்டசாலையில் மாட்டு விந்து உறையவைக்கும் நிலையம் இருப்பதால் மத்திய மாகாணத்துக்கு இது புதிய பொருளும் இல்லை. வாரம் ஒருமுறை மர அளவுகோலைக் கலனின் அடிவரை விட்டு, 10 விநாடி வைத்து எடுத்து, காற்றில் ஆட்டுங்கள். வெள்ளைப் பனி படியும் உயரமே திரவத்தின் மட்டம். அளவைத் திகதியோடு சுவரில் எழுதுங்கள். வாராவாரம் குறையும் அளவு திடீரென்று கூடினால் கலனின் வெற்றிடச் சுவர் பழுதாகிறது, அன்றே குப்பிகளை மாற்ற வேண்டும். கலன் நிற்கும் அறையில் குளிருக்காக ஜன்னலை அடைத்து வைக்காதீர்கள்: ஆவியாகும் நைதரசன் ஒட்சிசனைத் தள்ளிவிடும், மணமும் நிறமும் இல்லாததால் மயங்கி விழும்வரை தெரியாது. தாய் வங்கியில் பாதியை இன்னொரு கட்டடத்தில், முடிந்தால் கொழும்பில் ஒரு கூடத்தில், ஒப்பந்தம் எழுதி வையுங்கள்.